சீன வைத்தியம் படிக்க ஆசை, கையில் இருப்பதோ சித்த மருத்துவ இடம்

கேள்வி: காரைதீவிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மாவின் முழங்கால் வலி, கல்முனையில் ஒருவர் சீன வைத்திய முறையான அக்குபங்சர் ஊசி போட்ட பிறகு நன்றாகக் குறைந்ததாம். அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததிலிருந்து இதுதான் தன் தொழில் என்று மனதில் பட்டுவிட்டது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவை. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. வீட்டிலோ, "பரியாரி வேலைக்கா இவ்வளவு படித்தாய்?" என்கிறார்கள். ஆறு மாத ஒன்லைன் அக்குபங்சர் டிப்ளோமா விளம்பரம் ஒன்றும் கண்ணில் பட்டிருக்கிறது. சீனாவுக்கே போகலாமா என்றும் யோசிக்கிறார். எதை எடுப்பது?

பதில்: சித்த மருத்துவ இடத்தை எடுங்கள், மகள். ஊசி பிறகு வரட்டும்.

ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தது ஊசி உள்ளே இருந்த கொஞ்ச நேரத்தை. அதற்கு முன் அந்த வைத்தியர் முழங்காலை எப்படி மடக்கி நீட்டினார், சூடு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டாரா, என்னென்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்று கேட்டாரா? தொழிலின் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. வீங்கிய மூட்டில் இருப்பது தேய்மானமா, கிருமி புகுந்த சீழா என்று பிரிக்கத் தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது.

தோள்மேட்டில் ஜியான்ஜிங் என்று ஒரு புள்ளி. கழுத்துப் பிடிப்புக்கு அதில்தான் அடிக்கடி குத்துவார்கள். ஊசி கால் மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஆனால் வயல்வேலை செய்து மெலிந்த ஒரு அம்மாவின் தோளில் அதை நேராக ஆழ இறக்கினால் நுரையீரலின் மேல்முனையைத் தொட்டுவிடும். காற்றுக் கசிந்து மூச்சுத் திணறும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இதை எந்தக் காணொளியும் உங்கள் விரலுக்குக் கற்றுத் தராது.

சித்த மருத்துவம் படித்தால் சீன வைத்தியத்திலிருந்து விலகிப் போய்விடுவோம் என்று பயப்படவும் வேண்டாம். குமட்டலுக்குக் குத்தும் நெய்குவான் புள்ளியைப் பாருங்கள். மணிக்கட்டின் உட்பக்க மடிப்பிலிருந்து 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு சுன் என்பது நோயாளியின் சொந்தப் பெருவிரல் அகலம், ஆளுக்கு ஆள் மாறும். எறும்பும் தன் கையால் எண் சாண் என்கிறோமே, அதே கணக்கு. நம் வர்மப் புள்ளிகளையும் விரற்கடையில்தான் அளக்கிறார்கள். நாடிக்கு இரண்டு வைத்தியத்திலும் மணிக்கட்டில் மூன்று விரல். நாம் வாதம், பித்தம், கபம் பார்க்கிறோம். அவர்கள் ஒவ்வொரு விரலின் கீழும் வெவ்வேறு உள்ளுறுப்பைப் பார்க்கிறார்கள். ஆகவே இரண்டும் ஒன்றேதான் என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள். விரல் பழக்கம் மட்டும் இரண்டுக்கும் உதவும்.

மூலிகையும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை குடித்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் அதே போலப் பெயர் கொண்ட இன்னொன்று கலந்ததுதான் காரணம். கலந்தது அரிஸ்டோலோக்கியா இனம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அந்த இனம்தான்! மருந்துப் பொட்டலத்தைப் பிரித்து, வேரைப் பார்த்து இது அது அல்ல என்று சொல்லத் தெரிந்தவர்தான் எனக்கு வைத்தியர்.

சரி, சீனா. போவதென்றால் ஐந்து வருட இளமாணிப் பட்டத்துக்குப் போக வேண்டும். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களின் சீன மருத்துவப் பல்கலைக்கழகங்கள் 1956இல் கல்லூரிகளாகத் தொடங்கியவை. ஆங்கிலத்தில் பாடம் நடத்தினாலும் நோயாளி சீனத்தில்தான் முனகுவார், மொழி இல்லாமல் வார்ட்டில் நின்று பயனில்லை. சீன அரசின் புலமைப்பரிசிலுக்கு இளமாணி என்றால் 25 வயதுக்குள், முதுமாணி என்றால் 35க்குள் இருக்க வேண்டும். சித்த மருத்துவம் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். முடிக்கும்போது உங்களுக்கு 28 அல்லது 29 இருக்கும். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவும் கையில் இருக்கும். அதற்குப் பிறகு முதுமாணிக்குப் போனாலும் திரும்பி வந்து எந்த வேலையும் இல்லாமல் நிற்க மாட்டீர்கள். நேராகச் சீனாவுக்கே போகத்தான் மனம் என்றால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு பட்டத்தை ஏற்பது வேறு, இங்கே வைத்தியராகப் பதிவு கிடைப்பது வேறு. சபையிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

அப்புறம், உண்மையிலேயே இது உங்களுக்கான வேலையா என்ற கேள்வி. வளாகம் தொடங்குவதற்கு முன், ஊரில் அனுமதி தரும் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடமோ ஆயுர்வேத ஆஸ்பத்திரியிலோ போய் ஓரமாக உட்காருங்கள். பெரும்போக அறுவடைக் காலமென்றால் இன்னும் நல்லது. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே இடுப்பு வலி, ஒரே கதை. ஐந்தாவது ஆளின் கதையையும் காது கொடுத்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். யின், யாங் தத்துவம் பிடித்துப்போய் வந்து, நோயாளிகள் அலுத்துப்போய் விலகியவர்கள் உண்டு.

அக்குபங்சரால் எதற்கும் மருந்து தேவையில்லை என்று பேசுபவர்களிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள். நாட்பட்ட முதுகு, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல், இவற்றுக்கு ஓரளவு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. அதிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போடுவதுபோல் பாவனை செய்யும் பொய் ஊசிக்கும் மெய் ஊசிக்கும் வித்தியாசம் பல ஆய்வுகளில் சிறிதுதான். சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம்.

டிப்ளோமா விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: எத்தனை நோயாளிகளுக்கு, யார் பக்கத்தில் நிற்க, நான் என் கையால் ஊசி போடுவேன்? சுற்றி வளைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். திருகோணமலைப் பதிவுக்கான கடைசித் திகதியையும் இன்றே பார்த்துவிடுங்கள், தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.