மெத்தையின் கனத்தை மட்டும் பார்க்காதீர்கள்: ஏறுசுவர் தரை பற்றிய வாசகர் கேள்விகள்

ஏறுசுவர் கூடங்களில், அதாவது பிடிகள் பொருத்திய செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் இடங்களில், தரையைச் சோதித்துப் பார்ப்பது என் வேலையின் பெரும்பகுதி. சென்ற மாதம் வந்த கேள்விகளில் பாதி மெத்தையைப் பற்றியவை. அதனால் இம்முறை முழுக்க அதற்கே.

மகளுக்கு ஒன்பது வயது. போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறுவது) வகுப்பில் சேர்த்திருக்கிறோம். "ஒரு அடி கனத்துக்கு மெத்தை இருக்கிறது, பயப்படாதீங்க" என்கிறார்கள். நம்பலாமா? – வாசகி, சென்னை

ஒரு அடி என்பது நல்ல தொடக்கம். ஆனால் அது மட்டும் போதாது.

மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். சிமென்ட் தரையில் அந்த வேகம் ஓரிரு சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அதனால்தான் எலும்பு உடைகிறது. நல்ல மெத்தை சுமார் 20 சென்டிமீட்டர் அமுங்கி, நிற்பதற்கு இடம் தருகிறது. அப்போதும் உடல் எடையைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல் விசை காலில் ஏறும். முட்டியை மடக்கி இறங்கினால் அது இன்னும் குறையும், விறைத்து நின்றால் குறையாது. மெத்தை அடியைக் குறைக்கும். இல்லாமல் ஆக்காது. ஒலிம்பிக் போல்டரிங் சுவரைக்கூட 4.5 மீட்டருக்குள் நிறுத்தியிருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது உள்ளே என்ன இருக்கிறது என்பது. மேலே சில சென்டிமீட்டருக்குக் கெட்டியான ஃபோம், கீழே மெதுவான ஃபோம் இருக்க வேண்டும். மேல் அடுக்கு அடியைப் பரப்பிக் கொடுக்கும், கீழ் அடுக்கு உள்வாங்கும். முழுக்க மெதுவாக இருந்தால் கால் புதைந்து கணுக்கால் மடங்கும். மெத்தையில் ஏறி, ஒற்றை முட்டியை ஊன்றி, முழு எடையையும் அதில் போட்டுப் பாருங்கள். தரை முட்டியில் தட்டினால் அந்த இடத்தில் ஃபோம் செத்துவிட்டது. சுவரின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, தினமும் எல்லாரும் விழும் இடத்தில் இதைச் செய்யுங்கள். ஓரத்தில் எல்லா மெத்தையும் புதிதாகத்தான் இருக்கும்.

இரண்டு மெத்தை சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பயிற்சியாளர் "அதெல்லாம் சகஜம்" என்கிறார். – வாசகர், கோவை

சகஜம் இல்லை. என் வலது கணுக்கால் இன்றும் மழைக்காலத்தில் வலிப்பதற்குக் காரணம் அப்படி ஒரு இடைவெளிதான். இரண்டு மீட்டர்கூட இல்லாத உயரம். தெரிந்தே, நிதானமாகக் குதித்தேன். குதிகால் இணைப்பின் மேல் இறங்கியது. இரு மெத்தைகளும் விலகி, கால் நடுவில் இறங்கி, உடல் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போய் அந்த இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். மூடியிருந்த வெல்க்ரோ பட்டையின் கொக்கிகள் முழுக்க, பிடி நழுவாமலிருக்கக் கையில் பூசும் சாக் பவுடரும் தலைமுடியும் அடைத்துக் கிடந்தன. பார்வைக்கு ஒட்டியிருந்தது, கையால் இழுத்தால் சத்தமே இல்லாமல் வந்தது. நல்ல வெல்க்ரோ 'சர்ர்' என்று கிழிபடும் சத்தத்தோடுதான் பிரியும். அதை வாரம் ஒருமுறை தேங்காய் நார் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், ஐந்து நிமிட வேலை. மெத்தைகள் முழுவதையும் ஒரே ரெக்சின் விரிப்பால் இழுத்து மூடுவது இன்னும் மேல். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளின் பாதம் அதில் போகும்.

மொட்டை மாடியில் மகனுக்குச் சின்ன சுவர் கட்டுகிறேன். பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் போட்டால் போதாதா? – வாசகர், மதுரை

வேண்டாம். இலவம்பஞ்சு ஓரிடத்தில் குமியும், இன்னோரிடத்தில் வெறும் துணியாகிவிடும். கால் எதன்மேல் இறங்கும் என்று சொல்லவே முடியாது. ஸ்பிரிங் மெத்தை உடலை மேலே தள்ளிவிடும்.

ஆனால் எனக்கு மெத்தையைவிட மொட்டை மாடிதான் கவலையாக இருக்கிறது. பிடி நழுவினால் உடல் நேர் கீழே விழாது, பின்னால் எறியப்படும். வெளிப்பக்கமாகச் சாய்ந்த சுவராக இருந்தால் இன்னும் தூரம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பிடியிலிருந்து கணக்குப் போட்டு, அதற்கு அப்பால் இரண்டரை மீட்டராவது மெத்தை இருக்கட்டும். அதற்குள் கைப்பிடிச் சுவர் வருகிறது என்றால் தயவுசெய்து அங்கே கட்டாதீர்கள். கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில் கட்டுங்கள். வெயிலும் மழையும் ஃபோமைத் தின்றுவிடும் என்பதும் உண்டு.

கயிறு கட்டி ஏறும் உயரச் சுவரின் கீழே மெத்தை மெலிசாக இருக்கிறதே? – வாசகி, பெங்களூரு

அங்கே உயிரைக் காப்பது கயிறு. பன்னிரண்டு மீட்டரிலிருந்து விழுபவரை எந்த மெத்தையும் காப்பாற்றாது. முதல் கொக்கியில் கயிறு மாட்டுவதற்குள் விழுந்தால் உதவத்தான் அந்த மெலிசு மெத்தை. ஆட்டோ பிலே (விழுந்தால் தானே பிடித்து மெல்ல இறக்கும் கருவி) இருந்தால் அதை இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கிறீர்களா என்று ஏறும் முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும்.

சேரும்போது "சொந்தப் பொறுப்பு" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மெத்தை இருக்கும்போது அது எதற்கு? – வாசகர், சிங்கப்பூர்

மெத்தையைப் பார்த்ததும் மனதில் வரும் தைரியத்துக்காக. 2002இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில், கயிறில்லாத தாழ்வான ஏறுசுவர் கூடத்தில் ஓர் இளைஞர் சுவரிலிருந்து எதிரே இருந்த கம்பியைப் பிடிக்கத் தாவினார். பிடி தவறி, உடல் சுழன்று, தலை கீழாக மெத்தையில் விழுந்தார். கைகால்கள் செயலிழந்தன. கனமான மெத்தை விழுவதைப் பாதுகாப்பாக்கிவிடாது என்று எச்சரித்திருக்க வேண்டும் என முதலில் விசாரித்த நீதிமன்றம் நினைத்தது. கூடத்தின் மீது 25 சதவீதப் பொறுப்பைச் சுமத்தியது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆபத்து யாருக்கும் தெரியக்கூடியதே என்று அதையும் நீக்கிவிட்டது. சட்டம் எப்படியோ போகட்டும். அவர் விழுந்தது மெத்தையின் மேல்தான். என்னிடம் ஏறப் பழக வருபவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் ஏறவிடுவதில்லை.

விழும்போது கையை ஊன்றலாமா? – பலர்

கூடாது. மணிக்கட்டும் முழங்கையும் போகும். இரண்டு பாதங்களிலும் சேர்ந்து இறங்கி, முட்டியை மடக்கி, உட்கார்ந்து, முதுகில் உருளுங்கள். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், மோவாய் மார்பைத் தொடட்டும். முதல் நாள் ஒரு மீட்டரிலிருந்து இருபது தடவை விழுந்து பழகிய பிறகு மேலே போங்கள். பிடித்து இறங்க முடிந்த இடத்தில் குதிக்காமல் இறங்கியே வாருங்கள். தண்ணீர் பாட்டில், போன், ஓடி விளையாடும் தம்பி, இவை எதுவும் மெத்தையில் இருக்கக் கூடாது.

எங்கள் கூடத்து மெத்தை மழைக்காலத்தில் நாறுகிறது. – கூடம் நடத்துபவர், புதுச்சேரி

கடலோர ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. தரைமேல் நேராகப் போடாமல், காற்றுப் போக இடைவெளி விட்ட மரச்சட்டத்தின்மேல் பலகை அடித்து அதன்மேல் போடுங்கள். சட்டம் ஆடக் கூடாது. இப்போதைக்கு ஒரு மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்து ஜிப்பைத் திறந்து ஃபோமைக் கையால் பிழியுங்கள். ஈரம் கசிந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ, அந்தப் பகுதியை இன்றே கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். புது ஃபோம் வரும் வரை அங்கே யாரும் ஏற வேண்டாம்.