நெரிசலான கடைத்தெருவைப் படம் எடுப்பது எப்படி?

கடைத்தெருவை எடுத்தால் வயரும் போர்டும் வண்டியுமாக வெறும் நெரிசல்தான் விழுகிறது, ஊரின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் சேர்ந்து தெரிகிற மாதிரி எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவில் தெருக்களைப் பல வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இதுதான்: நெரிசலுக்குள் ஓடுகிற ஒழுங்கை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

கோட்டாறு சந்தைப் பக்கம் ஒரு சந்து. இரண்டு பக்கமும் பழைய ஓட்டுக் கட்டடங்கள், மேலே நீலத் தார்ப்பாய்கள், அவற்றை இழுத்துக் கட்டிய கயிறுகள், அதற்கும் மேலே கரண்ட் கம்பியும் கேபிள் வயரும். மூன்று மாதம் போய் எடுத்தும் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஒருநாள் அங்கே மரச்சீனிக் கிழங்கு விற்கிற அம்மா, "என்ன மக்கா, மேலயே பாத்துட்டு நிக்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்: "அந்தக் கயிறு பாத்திரக் கடைக்காரருக்கு உள்ளது, இது எனக்க கயிறு. பதினொரு மணிக்கு வெயிலு இங்க ஏறிரும். பூக்காரி அதுக்குள்ள வித்துட்டுப் போயிருவா, நான் அந்தத் திண்ணைக்கு மாறிருவேன்."

அவருடைய கயிற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கயிற்றுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே ஒரு ஜாண் நீளத்துக்கு சைக்கிள் டியூப் முடிந்திருந்தது. ஆடிக்காற்று தார்ப்பாயைத் தூக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும், தார்ப்பாய் கிழியாது. நான் சிக்கல் என்று நினைத்த ஒவ்வொரு முடிச்சையும் யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் எடுக்கிற முறையை மாற்றினேன். ஒரே இடம், ஒரே உயரம், ஒரே லென்ஸ். காலை 7 மணி, 10 மணி, மாலை 5 மணி. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் இரும்பு உருக்கும் ஊதுலைகளையும் பல வருடம் இப்படித்தான் எடுத்தார்கள்: மேகம் மூடிய வெளிச்சம், நேர் கோணம், பிறகு படங்களைக் கட்டம் கட்டமாகப் பக்கத்தில் வைப்பது. சட்டகம் அசையாமல் இருந்தால் உள்ளே எது மாறுகிறது என்று கண் தானாகத் தேடும். அந்த மேகம் நமக்கு ஜூன், ஜூலை சாரலில் தாராளமாகக் கிடைக்கிறது. உச்சி வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு வயரின் நிழலும் சுவரில் விழுந்து இன்னொரு வலை பின்னிவிடும், அதில் எதுவுமே பிரிந்து தெரியாது.

கேமராவை மேலே சாய்க்காதீர்கள், இது முக்கியம். சாய்த்தால் கட்டடங்கள் பின்னால் சரிந்து உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும். ஏற்கனவே கலைந்து கிடக்கிற தெருவில் ஒரு நேர்கோடாவது நேராக நிற்க வேண்டும், கதவு நிலையோ கரண்ட் கம்பமோ. எதிர்க்கடையின் மாடிக்கு அனுமதி கேட்டு ஏறினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். போனில் அகலமான லென்ஸையும் தவிருங்கள், ஓரங்களை இழுத்து, தூரத்தில் இருப்பதைச் சின்னதாக்கி, முன்னால் வெறும் தரையைக் காட்டும். பின்னால் நகர்ந்து நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தால் தார்ப்பாய், போர்டு, ஓடு எல்லாம் அடுக்கடுக்காக நெருங்கி வரும். கேமரா என்றால் லென்ஸ் துளையின் அளவு (அப்பர்ச்சர்) எஃப் 8 போதும்.

ஒழுங்கான இடம் என்றால் இதையே திருப்பிப் போடுங்கள், ஒழுங்குக்குள் எது கலைகிறது என்று தேடுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே தூண்கள் வரிசையாகப் போகின்றன, யார் எடுத்தாலும் அழகாக வரும், இரண்டு நாளில் அலுத்தும் போகும். ஒரு மழை நாளில் ஒரே ஒரு தூணில் மட்டும் யாரோ மஞ்சள் மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தார்கள். அங்கே எடுத்ததில் நான் இன்றுவரை வைத்திருப்பது அந்தப் படத்தைத்தான்.

இன்னொன்று, வயரை எடிட் செய்து அழிக்காதீர்கள். நாகர்கோவில் மணிமேடையின் மணிக்கூண்டு 1893இல், திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் எழுந்தது. அதைச் சுற்றியிருந்த வயரையும் பேனரையும் ஒருமுறை முழுசாகத் துடைத்துப் பார்த்தேன். மணிக்கூண்டு இருந்தது, எங்கள் ஊர் இல்லை.

ஆட்கள் வந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நானும் அந்த மூன்று படங்களையும் அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் திண்ணையில இருக்குறது ஒண்ணும் இல்லியே மக்கா?" என்றார். சரிதான், 10 மணிப் படத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறார், 5 மணிக்குக் கிளம்பிப் போயிருந்தார். இப்போது 12 மணிக்கும் ஒருமுறை போகிறேன், வெயில் எப்படி இருந்தாலும்.