இசை கேள்வி–பதில்: ஒரே ஓட்டமாகக் கேட்கும் ஃபிடில்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பி ஒரு புளூகிராஸ் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். பில் மன்றோவின் மெட்டுகளைக் கென்னி பேக்கர் என்பவர் ஃபிடிலில், அதாவது வயலினில், வாசித்திருக்கிறார். பாட்டே இல்லை; எல்லாம் ஒன்றுபோலவே ஓடுகின்றன. இதை எப்படி ரசிப்பது? வயலின் படிக்கும் என் மகள் இதை வாசித்துப் பார்க்கலாமா?
– வாசகி ஒருவர், அம்பாசமுத்திரம்.

பதில்: உங்கள் தம்பி நல்ல தட்டாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார். புளூகிராஸ், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த பில் மன்றோ (1911–1996) 1940களில் தம் குழுவைக் கொண்டு உருவாக்கிய இசைப்பாணி. ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஆளுயர பாஸ் ஆகிய ஐந்தும் தந்தி வாத்தியங்களே. தாளத்துக்கெனத் தோல் வாத்தியம் கிடையாது. பாஸ் தாளத்தின் அடியில் விழ, மாண்டலினின் 'சக்' என்ற வெட்டொலி இடையில் விழும். முதலில் அந்தச் 'சக்'கைப் பிடித்துக்கொண்டு தொடையில் தட்டிப் பாருங்கள். வெறும் ஓட்டமாகத் தோன்றியது கணக்காகப் பிரிந்து தெரியும். இந்தத் தட்டில் மாண்டலின் வாசிப்பவர் மன்றோவேதான்.

அடுத்து, மெட்டின் அமைப்பு. பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டே பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வரும். பல்லவியைவிட அனுபல்லவி மேலே ஏறுவதைப் போல, இங்கும் ஒரு பகுதி தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் நிற்பது வழக்கம். 'ஜெருசலேம் ரிட்ஜ்' மட்டும் நான்கு பகுதிகளோடு, சோகம் தோய்ந்த மைனர் சுரவரிசையில் நடக்கும்; தட்டின் உச்சம் அதுவே என்பேன். மன்றோவின் சொந்த ஊரான ரோசைனுக்கு அருகிலுள்ள குன்றின் பெயர் அது. பெற்றோரை இழந்த மன்றோவை வளர்த்த தாய்மாமன், ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசித்தவர். அவருக்குக் கிட்டார் வாசித்தே மன்றோ பழகினார் என்பதால், இம்மெட்டுகளில் ஃபிடிலின் வாடை அடிப்பது இயல்பே.

பேக்கரிடம் கவனிக்க வேண்டியது வில். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரான அவர், பழைய நாட்டார் ஃபிடில்காரர்களைப் போல வில்லைத் துண்டுதுண்டாக வெட்டாமல், நீண்ட ஒரே இழுப்பில் பல சுரங்களைக் கோத்துவிடுவார். வேகமான மெட்டுகளில் இது காதுக்கு நழுவிவிடும். எனவே மும்மூன்று தட்டாக நடக்கும் வால்ட்ஸ் என்ற நடன மெட்டிலிருந்து தொடங்குங்கள். (வேகத்தை வைத்து வித்தையை அளப்பது நம் கச்சேரி ரசிகர்களுக்கும் உள்ள வியாதிதான்.)

மகள் தாராளமாக வாசிக்கலாம். ஆனால் நம் வயலினில் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறோம், அவர்களோ ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்திய சுரங்களில் சேர்க்கிறார்கள். ஒரே வாத்தியத்தை மாற்றி மாற்றி முறுக்கினால் தந்தி அறும். இரவல் வயலின் ஒன்று இருந்தால் நல்லது. கமகம் பழகிய விரல், அசையாமல் நிற்க வேண்டிய சுரத்தையும் அசைக்கப் பார்க்கும் என்பது மற்றொரு சிக்கல். அதற்கு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது: நோட்டுஸ்வரங்கள். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த முன்னோடியான பாலுஸ்வாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்வான். 1835இல் அதே ஊரில் மறைந்த அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர், ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்து நோட்டுஸ்வரங்களைச் செய்தார். அவற்றுள் அயர்லாந்து மெட்டும் உண்டு. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் குடியேறியவர்கள் கொண்டுபோன மெட்டுகளே புளூகிராஸ் ஃபிடிலுக்கும் ஒரு வேர். மகள் முதலில் நாலைந்து நோட்டுஸ்வரங்களைக் கமகமின்றி, முழு வில் இழுத்து வாசிக்கட்டும். பிறகு பேக்கரின் வால்ட்ஸைக் காதால் கேட்டே பிடிக்கலாம்.