மேடையில் நன்றாகப் பேசுவேன், ஆனால் நண்பர்கள் கிடைப்பதில்லை. மேடைப்பேச்சுத் திறமை நட்புக்கு உதவுமா?

உதவும். ஆனால் உங்களுக்குக் கைதட்டல் வாங்கித் தருகிற பகுதி உதவாது. குரலை ஏற்றி இறக்குவது, அடுக்குமொழி, கடைசி வரியில் அரங்கை அதிர வைப்பது எல்லாவற்றையும் மேடையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். எதிரில் ஒரே ஒருவர் நிற்கும்போது அந்தக் குரலில் பேசினால் அவரும் பார்வையாளர் ஆகிவிடுவார். பார்வையாளர் கைதட்டுவார், வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்.

மேடையில் பழகியவர்களுக்குப் பெரிய சிக்கல் நேரம்தான். பத்து நிமிடம் கொடுத்தால் பத்து நிமிடமும் நம்முடையது. நேர்ப்பேச்சு அப்படி இல்லை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வியை முடித்து மற்றவர் பதிலைத் தொடங்குவதற்குள் ஆகும் இடைவெளி, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதானாம். பேச்சு அவ்வளவு சீக்கிரம் கைமாறுகிற இடத்தில் நீங்கள் முன்னுரை, மூன்று உதாரணம், முடிவுரை என்று கட்டிக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிவிட்டு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார்.

சரி, எதுதான் உதவும்?

என்னைக் கேட்டால், பேசி முடித்த பிறகு வரும் பதினைந்து நிமிடம். புது மனிதரிடம் முதல் வார்த்தையை யார் பேசுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தயங்கி நிற்கிறார்கள். மேடையேறியவருக்கு அந்தக் கவலை இல்லை, அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பேசுகிறவர்களில் பலர் இந்த நேரத்தை நன்றி சொல்லியே கழித்துவிடுகிறார்கள்.

வயதான பிறகு நீச்சல் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். சட்டையில் மாட்டிய மைக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, “என் அம்மாவுக்கும் தண்ணீர்னா பயம் சார்” என்றார். இந்த இடத்தில் நாக்கு தானாகவே, “அப்படியா, எனக்கும் முதல் நாள்...” என்று இன்னொரு சொற்பொழிவுக்குத் தயாராகும். அதை அடக்க வேண்டும். “இப்பவும் பயப்படுறாங்களா?” என்று மட்டும் கேட்டேன். அம்மா சின்ன வயதில் ஆற்றில் தவறி விழுந்தது, அதனால் பிள்ளைகளையும் தண்ணீர்ப் பக்கம் விடாதது, இப்போது அவர் தன் மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது என ஒன்றொன்றாக வந்தது. நான் பேசியது நாலைந்து வாக்கியம் இருந்தாலே அதிகம். இன்றைக்கும் நாங்கள் நண்பர்கள்.

கேள்வி கேட்பது பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. நிறையக் கேள்வி கேட்பவர்களை, முக்கியமாக, சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது. தயாரித்து வைத்த கேள்விகளை வரிசையாக அடுக்கினால் அது நேர்முகத் தேர்வு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேச்சைப் பாதியில் மாற்றத் தெரிந்த பேச்சாளருக்கு, ஒரு முகத்தைப் பார்த்துக் கேள்வியை மாற்றுவது கஷ்டமே இல்லை.

அடுத்தது, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் திறமை. நட்பு பிடிக்க இதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆச்சரியம். ஒரு விருந்தில் உங்களுக்கு இரண்டு பேரைக் கொஞ்சம் தெரியும், அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் சொல்லி அறிமுகம் செய்தால் இருவரும் சிரித்துவிட்டு நிற்பார்கள். “இவர் பழைய ரேடியோவெல்லாம் வாங்கிப் பழுதுபார்ப்பார். உங்க வீட்டுல தாத்தா ரேடியோ ஒண்ணு சும்மா கிடக்குன்னு சொன்னீங்களே?” என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் ஓரமாக நின்றாலே போதும். சேர்த்து வைத்தவரை இருவரும் மறக்க மாட்டார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கும் இது வசதி, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

தன்னைப் பற்றிப் பேசியே ஆக வேண்டிய இடத்துக்கு முன்தயாரிப்பு உண்டு. “என்ன பண்றீங்க?” என்று கேட்பார்கள் என்பது நிச்சயம். அதற்குப் பதவிப் பெயரைச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கணக்கு வேலையில் இருக்கும் ஒரு தோழி, “வருஷக் கடைசியில எல்லாரும் தொலைச்ச ரசீதைத் தேடிக் கொடுக்கிற வேலை” என்பார். கேட்பவர் சிரிப்பார், அப்புறம் தான் தொலைத்த ரசீதைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். மேடையில் முதல் வரிக்கு மெனக்கெடுகிற மாதிரி இந்த ஒரு வரிக்கும் மெனக்கெடலாம். இரண்டாவது வரி வேண்டாம்.

பேச்சு மன்றங்களில் இருக்கும் இன்னொரு பழக்கம் பாராட்டு. ரால்ஃப் ஸ்மெட்லி 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், ஒருவர் தயாரித்து வந்து பேசினால் அதைக் கவனித்து மதிப்பீடு சொல்ல இன்னொருவர் இருப்பார். “சூப்பர்” என்று சொன்னால் அங்கே செல்லாது. எந்த இடம், ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். இதை அப்படியே வெளியே கொண்டுவாருங்கள். “நல்லா பேசினீங்க” என்பதை யாரும் நினைவில் வைப்பதில்லை. “அப்பா கடிதத்தைப் படிக்கும்போது நடுவுல நிறுத்தினீங்களே, அங்க எனக்கும் தொண்டை அடைச்சுது” என்பது பல நாள் நினைவில் இருக்கும். குறையை எடுத்துச் சொல்லும் பழக்கத்தை மட்டும் மன்றத்திலேயே விட்டுவிடுங்கள், யாரும் கேட்காமல் மதிப்பீடு சொல்கிறவரைப் பார்த்தால் ஆட்கள் வேறு பக்கம் திரும்பிப் போவார்கள்.

அதே மன்றத்தில் சேரலாமா என்று கேட்டால், சேரலாம் என்பேன். காரணம் பயிற்சிகூட இல்லை, திரும்பத் திரும்ப அதே முகங்களைப் பார்ப்பது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். எவ்வளவு பிரமாதமான பேச்சும் அரை மணி நேரம்தான். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவரைவிட, ஒரே மன்றத்துக்கு வாராவாரம் போய் நாற்காலி எடுத்துப் போடுகிறவருக்கு நண்பர்கள் அதிகம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, மறுநாள் செய்தி அனுப்புவது. “நேற்று நான்தான் அதிகம் பேசிவிட்டேனோ, அவருக்கு என்னைப் பிடித்திருக்காது” என்று தோன்றும். முதல் சந்திப்பில் எதிரில் இருப்பவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. அந்தத் தயக்கத்தை நம்பாதீர்கள். “சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று எழுதினால் பதிலுக்குக் கைகூப்பும் படம்தான் வரும். அவர் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: “பாப்பா நீச்சல் வகுப்பு விஷயம் பாட்டிக்குத் தெரிஞ்சுதா?” பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி போட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் பார்க்கும்போது நேரிலேயே கேளுங்கள், பலருக்குப் பதில் தட்டச் சோம்பல், அவ்வளவுதான்.