கரையிறங்கி சும்மா உட்காரலாமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மகன் ஜனவரியில் எங்களைக் கப்பலில் மெக்சிகோவுக்குக் கூட்டிப்போகிறான். புவெர்ட்டோ வயார்ட்டா என்ற ஊரில் ஒரு பகல் முழுக்கக் கப்பல் நிற்குமாம். அவனும் மருமகளும் காட்டுக்குள் கம்பியில் தொங்கிப்போகப் பணம் கட்டிவிட்டார்கள். என் கணவருக்கு முட்டிவலி, நான் சைவம். “நாங்கள் கடற்கரையிலேயே இருக்கிறோம்” என்றால், “அவ்வளவு தூரம் வந்து சும்மா உட்காரவா?” என்கிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக உட்காருங்கள், அம்மா. அந்த ஊர் அதற்குத் தோதான ஊர்.

கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பழைய ஊர் சில கிலோமீட்டர்தான், டாக்ஸியில் போய்விடலாம். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். ‘மலெகோன்’ என்று கேட்டால் கடலோர நடைபாதையில் இறக்கிவிடுவார்கள். வண்டிகள் வராத சமதளம், வழியெல்லாம் வெண்கலச் சிலைகள். மணிக்கூண்டின் உச்சியில் கிரீடம் வைத்த குவாதலூப்பே மாதா கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் உள்தெருக்களில் உருளைக்கல் பதித்திருக்கிறார்கள், ஏற்றமும் அதிகம். உங்கள் கணவரின் முட்டிக்கு அது ஆகாது.

அந்த நடைபாதையில் தோளில் சுரைக்குடுக்கையோடு வருபவரை விட்டுவிடாதீர்கள். அவர் விற்பது ‘தூபா’. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் சாறு, மேலே பொடியாக நறுக்கிய ஆப்பிளும் கொட்டைப்பருப்பும் போட்டுத் தருவார். மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்த காலத்தில் பிலிப்பைன்ஸ்காரர்கள் கொண்டுவந்த வித்தை அது. நம் பதநீருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். புளிக்கப் புளிக்கக் கள்தான், அதனால் காலையிலேயே குடித்துவிடுங்கள்!

அப்புறம் நேராகத் தெற்கே, லோஸ் முவெர்த்தோஸ் கடற்கரை. ‘இறந்தவர்கள் கடற்கரை’ என்று பொருள், பயப்பட வேண்டாம். பாய்மரம் போல ஒரு கூடாரத்தைத் தாங்கி நிற்கும் பாலம்தான் அடையாளம், 2013இல் திறந்தது. மெக்சிகோவில் கடற்கரை அரசுச் சொத்து, மணலில் யாரும் உட்காரலாம். நாற்காலியும் குடையும் வேண்டுமென்றால் உணவகங்களுடையதைத்தான் பிடிக்க வேண்டும். குறைந்தது எவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். விற்பவர்கள் ஓயாமல் வருவார்கள். சிரித்தபடி ‘நோ, கிராசியாஸ்’ என்றால் போதும்.

சாப்பாட்டில் கவனம். அரைத்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ‘சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா’ (இறைச்சி, கோழி, கொழுப்பு இல்லாமல்) என்று எழுதிய சீட்டைக் காட்டுங்கள். சோளச் சப்பாத்தியோடு குவாக்கமோலே (வெண்ணெய்ப்பழ மசியல்), எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டுகள் என்று வயிறு நிறைந்துவிடும்.

ஜனவரி என்பதால் இன்னொரு அதிர்ஷ்டம். டிசம்பர் முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கலங்கள் அந்த பந்தேராஸ் விரிகுடாவுக்கு வருகின்றன. கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் தூரத்தில் ஒன்று நீரைப் பீய்ச்சுவது கண்ணில் பட்டாலும் படும். கம்பியில் தொங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஒன்றே ஒன்று, மணி. குளிர்காலத்தில் வயார்ட்டா, லாஸ் ஏஞ்சல்ஸைவிட 2 மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் எந்த ஊர் நேரப்படி நடக்கிறது என்று இறங்கும்போதே கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள். இப்படித்தான் நான் ஒருமுறை செல்போன் காட்டிய உள்ளூர் மணியை நம்பி அரக்கப்பரக்க ஓடினேன். கப்பல் கிளம்ப இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. பாதி இளநீரை மணலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நேர்மாறாக ஆகியிருந்தால் கப்பலே போயிருக்கும்.

கப்பல் அட்டையும் தொப்பியும் மறக்க வேண்டாம். துண்டு கப்பலிலேயே கொடுப்பார்கள். அதைக் கரையில் விட்டுவிட்டு வந்தால் மகன் கணக்கில் பணம் ஏறிவிடும்.