விலை உயர்ந்த டிசைனர் ஷூ வாங்குவதா, அதே தோற்றத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவதா?

அலுவலகத்திற்கும் விசேஷங்களுக்கும் போட ஒரு கறுப்புத் தோல் ஷூ தேவை என்றும், 40,000 ரூபாய் இத்தாலிய ஷூவையும் அதை அச்சு அசலாக ஒத்த 2,000 ரூபாய் ஷூவையும் பார்த்துவிட்டுக் குழம்பியிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். ஆம்பூரில் ஏற்றுமதிக்கான ஷூ தொழிற்சாலை ஒன்றில் 14 ஆண்டுகள் தரச் சோதனை பார்த்தவன் நான். பெயரையும் தோற்றத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஷூவைத் திருப்பி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள் என்பதே என் பதில்.

மேல்தோலும் சோலும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் ஒரு ஷூவின் ஆயுள் பெரிதும் அடங்கியிருக்கிறது. குட்இயர் வெல்ட் என்னும் முறையில், மேல்தோலையும், பாதம் பதியும் உள்தளமான இன்சோலையும் சேர்த்து வெல்ட் எனப்படும் பட்டை ஒன்றை முதலில் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைப்பார்கள். ஆகவே சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்து, மேல்தோலைத் தொடாமலேயே புதுச் சோல் போட்டுவிடலாம். மலிவான ஷூக்களில் பெரும்பாலும் சோலைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியவை எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன். தோலைச் சரியாகச் சுரண்டி, பசையை உலரவிட்டுச் சூடேற்றி அழுத்தினால் அதுவும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒட்டிய சோலின் ஓரத்திலேயே தையல் போன்ற வரியை அச்சில் வார்த்து விற்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அந்த ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள்: நூலாக இருந்தால் தனியாகத் தட்டுப்படும், வார்த்ததாக இருந்தால் ரப்பரோடு ரப்பராக வழுக்கிச் செல்லும். நூலே இருந்தாலும் அது வெறும் அலங்காரத் தையலாக இருக்கக்கூடும் என்பதால், சோலை மாற்றித் தர முடியுமா என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

விலை மட்டுமே காப்பாற்றாது என்பதை என் தம்பியின் திருமணத்தன்று அறிந்தேன். நல்ல விலை கொடுத்து வாங்கி, விசேஷத்திற்கென்று பல ஆண்டுகள் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவின் சோல், மண்டபத்துப் படியேறும்போது நனைந்த பிஸ்கட் போலப் பிய்ந்து உதிர்ந்தது. அது பாலியூரித்தேன் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆன சோல்; காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும், போடாமல் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். எப்போதாவது மட்டும் போடும் ஷூவுக்கு, அது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், இந்தச் சோல் வேண்டாம்.

தோற்றத்தில் ஒத்திருப்பது வேறு, பெயரையும் முத்திரையையும் திருடிப் பதிப்பது வேறு. பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் லூபுட்டானின் சிவப்பு அடிப்பாகம் குறித்த வழக்கில், 2012இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், மேற்பகுதி வேறு நிறத்தில் இருக்கும்போது மட்டுமே அந்தச் சிவப்புச் சோலுக்கு வணிகக்குறிப் பாதுகாப்பு உண்டு என்றும், முழுக்கச் சிவப்பாக இருந்த ஈவ் சான் லோரான் நிறுவனத்தின் ஷூ அதை மீறவில்லை என்றும் தீர்ப்பளித்தது. கயிறு கட்டும் கறுப்பு ஆக்ஸ்போர்டு ஷூ போன்ற பழைய வடிவங்களோ யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அதே வடிவத்தை வேறு பெயரில் வாங்குவதில் கூச்சப்பட எதுவுமில்லை. போலி முத்திரை குத்தியதை மட்டும் வாங்காதீர்கள்; தன் பெயரை மறைத்துச் செய்தவரிடம் குறைக்கு நியாயம் கேட்க முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, வெல்ட் தைத்த, அதிகம் அறியப்படாத பெயருடைய ஷூ ஒன்றை 10,000 ரூபாய்க்குள் தேடுவேன். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஷூ செய்யும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வர முடிந்தால் இன்னும் நல்லது. எங்கே வாங்கினாலும், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வழக்கமாகப் போடும் காலுறையோடு இரண்டு கால்களிலும் மாட்டி, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.