பதில்: மூன்றாம் ஆண்டு எல்.எல்.பி., இன்னும் கோர்ட் படியேறவில்லை

தமிழ் வழியில் படித்தேன், கல்லூரியில் பழைய ஐ.பி.சி.தான் (இந்திய தண்டனைச் சட்டம்) நடத்தினார்கள், நீதிமன்றத்துக்குள் போனதே இல்லை என்கிறீர்கள். நண்பரே, படித்தது வீணில்லை. அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 1.7.2024 முதல்தான். அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்றும் ஐ.பி.சி.தான், அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். கொலைக்கான பழைய பிரிவு 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. இப்படி ஒரு ஒப்பீட்டு அட்டவணையை நீங்களே கையால் எழுதுங்கள்.

பெரிய ஓட்டை இன்டர்ன்ஷிப்தான். மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம் என்று பார் கவுன்சிலின் (வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) 2008 விதிகளே சொல்கின்றன. பல இடங்களில் அது வெறும் கையெழுத்துச் சான்றிதழோடு முடிகிறது (சீனியர்களுக்கும் அதுவே வசதி!). நீங்கள் அப்படி வாங்காதீர்கள். உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலையில் போய் உட்காருங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் செல்லும், உயர் நீதிமன்றத்தில்தான் ஆங்கிலம் கட்டாயம். பெயில் மனு, வக்காலத்து, குறுக்கு விசாரணை எல்லாம் அங்கேதான் பிடிபடும். இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலும் பயிற்சிக்கு இடம் கேட்டுப் பாருங்கள்.

வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேவையான அகில இந்திய பார் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், குறிப்பில்லாத சட்டப் புத்தகமும் கொண்டு போகலாம். அதற்காகக் கோச்சிங்கில் பணம் கட்டாதீர்கள்.